“நமக்கு அங்கே என்ன இருக்கிறது?”

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் தம் மனக்குறையை எழுதியிருந்தார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம் சிங்கப்பூரின் எம்பிரஸ் பிளேசில் உள்ள ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்துக்குப் போனாராம். கீழ்த்தளத்தில் சீனக் கிண்ணங்கள், அதற்கு மேல் எல்லா மதத்துச் சிலைகளும், அதற்கும் மேல் துணி, நகை, பீங்கான். “இரண்டு மணி நேரம் சுற்றினோம். தமிழர்களாகிய நமக்கு அங்கே என்ன இருக்கிறது என்று என் மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை” என்று முடித்திருந்தார்.

பதில் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் பதில் இருக்கிறது. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் 38 வருடம் ரிக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரிக்கர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. பாரந்தூக்கியின் கொக்கியில் எந்தச் சாமானை, எந்தக் கயிற்றால், எந்த இடத்தில் கட்டித் தூக்குவது என்று பார்க்கிறவன். கட்டு நழுவினால் கீழே நிற்கிற ஆள் போய்விடுவான். அதனால் எங்கே போனாலும் என் கண் முதலில் கயிற்றையும் முடிச்சையும்தான் தேடும். வரலாற்று ஆசிரியர் சொல்வதுபோல வரிசையாகச் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசகர் நேராக உள்ளே போய்விட்டார். நான் எப்போது போனாலும் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். காரணம், அந்தக் கட்டடத்துக்குள் நான் முதன்முதலில் போனது பொருள்களைப் பார்க்க அல்ல. அப்போது அது அரசாங்க அலுவலகம். பிறப்பு, இறப்புப் பதிவு, குடியுரிமைப் பதிவு, குடிநுழைவு என்று எல்லாக் காகிதத்துக்கும் அந்த வெள்ளைக் கட்டடத்துப் படியைத்தான் ஏற வேண்டும். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1960-இல் என்னையும் அம்மாவையும் நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வரவழைத்தார். எனக்கு எட்டு வயது. அதற்கு நாலைந்து வருடம் கழித்து, குடியுரிமைக் காகித வேலையாக அவர் இங்கே வந்தபோது நானும் கூட வந்தேன். முகப்பில் இருந்த எழுத்தர் பிறந்த தேதி கேட்டார். “பெரிய புயல் அடிச்ச வருஷம், மாசி மாசம்” என்றார் அப்பா. எழுத்தர் சிரிக்கவில்லை. இப்படிப் பதில் சொல்கிறவர்களை அவர் தினமும் பார்த்திருப்பார். ஏதோ ஒரு வருடத்தைக் கணக்குப் போட்டு, ஜனவரி 1 என்று எழுதிக்கொண்டார். அப்பா கைநாட்டு வைத்தார். வெளியே வந்ததும் விரலில் இருந்த மையை ஆற்றங்கரைச் சுவரில் தேய்த்துத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “இனிமே நாம இந்த ஊரு” என்றார். அவ்வளவுதான். சாகும்வரை அவருக்கு ஜனவரி முதல் தேதிதான் பிறந்தநாள்.

நானும் 1979-இல் என் மகள் பிறந்ததைப் பதிய அங்கேதான் போனேன். எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும், அந்தக் கட்டடத்தில் வரிசை பிடித்து நின்ற கதை ஒன்று வைத்திருப்பார்கள். சரி, அது நம் கதை மட்டுமல்ல, சீனர், மலாய்க்காரர் எல்லாருடைய கதையும்தான். ஆனால் கட்டடத்தை எழுப்பியவர்கள் யார் என்று கேட்டால் அது நம் பக்கம் திரும்பிவிடுகிறது.

1864-இல் தொடங்கி 1867-இல் முடித்த கட்டடம் அது. வரைபடம் போட்டவர் மக்நேர் என்ற ஆங்கிலப் பொறியாளர். கல்லும் செங்கல்லும் சுமந்து கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டுச் சிங்கப்பூருக்கு வந்த கைதிகள். 1825 முதல் 1873 வரை அவர்கள் இங்கே இருந்தார்கள். சாலை போட்டார்கள், சதுப்பை நிரப்பினார்கள், கட்டடம் கட்டினார்கள். அவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அங்கிருந்து பொடிநடையாகப் போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். அதுவும் கைதிகள் கட்டியதே. அதன் சுவருக்கு அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீர் ஊற்றிக் குழைத்து, பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். இந்தப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்த கைதியின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் தேடினால் கிடைக்காது, ஆசிரியர் அவர்களே. நாம் சாய்ந்து நிற்கிற தூணைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சின்ன விஷயம், என் ஊர்க்காரர்களுக்காக. நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் என்று ஒரு பழைய செங்கல் கோபுரம் கடலோரத்தில் நின்றதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். ராஜராஜ சோழன் காலத்தில் கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் அங்கே ஒரு புத்த விகாரம் எழுப்பினான். அதற்காக ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே விட்டுக்கொடுத்தான். அந்தக் கோபுரத்தை இடித்துத் தள்ளியது 1867-இல். இங்கே இந்தக் கட்டடம் எழும்பி முடிந்த அதே வருடம். அதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே அந்த மண்ணில் வெண்கலப் புத்தர்கள் கிடைக்கத் தொடங்கிவிட்டார்கள். மொத்தம் 350 வரை கிடைத்தன. இன்று உலகத்தில் எத்தனையோ அரும்பொருளகங்களில் நாகப்பட்டினத்துப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். கடலுக்கு இந்தப் பக்கத்து அரசன் அந்தப் பக்கத்தில் கட்டியது எந்த நாட்டுப் பண்பாடு என்று எந்தப் பெட்டியில் போடுவது? எனக்குத் தெரியாது. நாம் பெட்டி போட்டுத் தேடுவதில்தான் கோளாறு என்று தோன்றுகிறது.

சரி, உள்ளே போவோம்.

வாசகர் “சீனக் கிண்ணங்கள்” என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்ட அறைக்கு நான் இதுவரை பத்துத் தடவையாவது போயிருப்பேன். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம் என்பதால் மனைவியும் முணுமுணுப்பதில்லை. கடைசியாகப் போனது போன மாதம், தொடக்கநிலை நான்கு படிக்கும் என் பேத்தியோடு.

அந்த அறையில் இருப்பது ஒரு கப்பலின் சரக்கு. 1998-இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுக்கு அருகே, கடல் அட்டை எடுக்க முக்குளித்தவர்கள் கண்ட கப்பல் அது. ஏறக்குறைய 1,200 வருடம் மூழ்கிக் கிடந்திருக்கிறது. சீனாவில் தாங் வம்சம் ஆண்ட காலம். உள்ளே 60,000-க்கு மேல் பீங்கான் சாமான்கள். பெரும்பாலும் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் தேதியே பொறித்திருக்கிறது, நம் கணக்குக்கு அது கி.பி. 826. தங்கக் கோப்பை ஒன்று உண்டு, எட்டுப் பக்கம் உள்ளது, இசைக் கலைஞர்களின் உருவங்கள் பொறித்தது. கூட்டமெல்லாம் அங்கேதான் நிற்கும். நான் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். எனக்குப் பிடித்தது பெரிய ஜாடிகள். கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, சுருள் சுருளாகச் சாய்த்து, ஜாடிக்குள் திணித்து அனுப்பியிருக்கிறார்கள். கப்பல் ஆடினால் ஜாடி ஆடும், கிண்ணம் ஆடாது. சரக்கு கட்டத் தெரிந்தவன் வேலை அது. பட்டறையில் கண்ணாடிக் கருவிகளை இறக்கும்போது நாங்கள் படாத பாடு படுவோம். அந்த ஆள் கிடைத்திருந்தால் எங்கள் குழுவிலேயே சேர்த்திருப்பேன்.

பேத்தி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: “தாத்தா, கப்பல் எங்கே?”

நியாயமான கேள்வி. கப்பல் அறை என்று போனால் அங்கே கப்பல் இல்லை, அதன் சரக்குதான் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் சரக்கைவிடக் கப்பல்தான் அதிசயம். சீனச் சரக்கை ஏற்றிய அது சீனக் கப்பல் இல்லை. மேற்கே அரபுக் கடலில் ஓடும் கப்பல்களின் அமைப்பு. பலகை ஆப்பிரிக்க மரம், குறுக்கு உத்திரங்கள் தேக்கு. முழுக் கப்பலிலும் ஒரு இரும்பு ஆணி கிடையாது. பலகைகளை ஓரத்தோடு ஓரம் வைத்து, துளை போட்டு, கயிற்றால் தைத்திருக்கிறார்கள்.

தைத்த கப்பல் என்றால் இங்கே பிறந்தவர்கள் ஏதோ கதை என்று நினைப்பார்கள். எனக்கு அது கதை இல்லை. என் தாய்மாமன் ஊரில் கரைவலைப் படகு வைத்திருந்தார். அந்தப் படகு தைத்த படகுதான். பலகை இடுக்கில் வைக்கோலைத் திரித்து வைத்து, அதன்மேல் தேங்காய்நார்க் கயிற்றை இழுத்துத் தைப்பார்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளே இருப்பவர் கயிற்றைத் துளையில் விடுவார், வெளியே இருப்பவர் காலைப் பலகையில் ஊன்றி இழுப்பார். தையல் இறுகும்போது கயிறு ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் போடும். ஏன் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன். “ஆணி விறைச்சுக்கிட்டு நிக்கும்டா. அலை வந்து மணல்ல அறையும்போது பலகை பிளந்துக்கும். கயிறுன்னா படகு ஒடம்பை வளைச்சுக் குடுக்கும்” என்றார் மாமா. சென்னைக்குத் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், வெள்ளைக்கார அதிகாரிகளைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்ததும் இந்த மாதிரித் தைத்த படகுகள்தான். மசூலாப் படகு என்பார்கள். அவர்களுடைய ஆணி அடித்த படகுகள் அந்த அலையில் தாக்குப்பிடிக்காது.

இதையெல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? தாளும் பேனாவும் இல்லை. அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துக் காலணியைக் கழற்றச் சொன்னேன். பள்ளிக்குப் போடும் வெள்ளைக் காலணி, நாடா வைத்தது. “இந்த இரண்டு ஓரமும் இரண்டு பலகை. இந்த ஓட்டையெல்லாம் பலகையில் போட்ட துளை. நாடாதான் கயிறு. இப்போது நாடாவைத் தளர்த்து, என்ன ஆகிறது பார். இழுத்துக் கட்டு, என்ன ஆகிறது பார். கீழே இருக்கிற நாக்கு இருக்கிறதே, அதுதான் தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கிற வைக்கோல்.” அவள் நாலைந்து முறை இழுத்துப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒரு சீனக் குடும்பத்துப் பையனும் குனிந்து தன் காலணியைப் பார்த்தான். அவன் அம்மா என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். என் ஆங்கிலம் பட்டறை ஆங்கிலம், கப்பல் தையலுக்கு அது போதாது. பேத்திதான் மொழிபெயர்த்தாள். கடைசியில் மூன்று பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஒற்றைக் காலணியோடு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள்.

2010-இல் ஓமானில் இதே மாதிரியில் ஒரு கப்பல் கட்டி, பாய்விரித்துச் சிங்கப்பூர்வரை ஓட்டி வந்தார்களே, நினைவிருக்கிறதா? ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ என்று பெயர். நீளம் 18 மீட்டர். பிப்ரவரியில் கிளம்பி, கொச்சியிலும் இலங்கையின் காலி துறைமுகத்திலும் நின்று, ஜூலையில் வந்து சேர்ந்தது. நான் அப்போது இன்னும் வேலையில் இருந்தேன். ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். பலகையோரம் முழுக்க வரிசையாகத் தையல், அம்மா போர்வையில் போட்ட தையல்போல. அதைத் தைப்பதற்குக் கேரளத்திலிருந்து கயிறு வேலை தெரிந்தவர்களை ஓமானுக்கு வரவழைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எத்தனையோ நாட்டு வல்லுநர்கள் கூடிக் கணினியில் வரைந்த கப்பல். கடைசியில் தைப்பதற்கு நம் கடற்கரையிலிருந்து வேட்டி கட்டிய கை தேவைப்பட்டிருக்கிறது. தேங்காய் மட்டையை உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து, நாரைத் திரித்துக் கயிறாக்குகிறவர்களின் வேலைக்கு எந்த நாட்டிலும் பட்டம் கொடுப்பதில்லை. ஆனால் அந்த வேலை மறந்துபோனால் அந்தக் கப்பலை இன்னொரு முறை கட்ட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பெலிதுங் கப்பல் முழுகாமல் போயிருந்தால் மலாக்கா நீரிணையைத் தாண்டி இந்தியாவின் தென்முனைப் பக்கமாகத்தான் மேற்கே போயிருக்கும். அரபு மாலுமிகள் கேரளக் கரையிலுள்ள கொல்லத்தை நன்றாக அறிந்தவர்கள். ஏறக்குறைய அதே காலத்தில் தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவா பா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலம். அவனிநாரணம் என்று ஒரு குளம் வெட்டி, அதை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் ஒப்படைத்ததாகக் கல் சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். பெலிதுங் கப்பல் ஓடிய காலத்தில், அதன் வழிக்குக் கொஞ்சம் வடக்கே, நம் ஆட்கள் குளம் வெட்டிக் குடியிருந்திருக்கிறார்கள். வருகிற போகிற கப்பலுக்கு நல்ல தண்ணீர் வேண்டுமே! இது அரும்பொருளகத்து அட்டையில் எழுதியிருந்து நான் படித்ததல்ல. நூலகத்தில் நடந்த ஒரு தமிழ் உரையில் கேட்டது. உரைக்கு வந்திருந்தவர்கள் பதினோரு பேர், அதில் மூன்று பேர் தேநீருக்கு வந்தவர்கள்.

துணிகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, மனைவிக்குத்தான் தெரியும். ஒருமுறை அங்கே நம் சோழமண்டலக் கரைத் துணிகளை வைத்திருந்தார்கள். கையால் எழுதிச் சாயம் ஏற்றியவை. எல்லாம் இந்தோனேசியத் தீவுகளில் கிடைத்தவை. கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கப் போன வணிகர்கள் காசுக்குப் பதிலாகக் கொடுத்த துணி. சுலாவெசித் தீவின் தொராஜா மக்கள் அதைக் கட்டிக் கிழிக்கவில்லை. குலச் சொத்தாகப் பெட்டியில் வைத்து, சடங்குக்கு மட்டும் எடுத்திருக்கிறார்கள். மனைவி அந்தச் சிவப்பை ரொம்ப நேரம் பார்த்தார். “இது சாயவேர்ச் சிவப்புங்க. எங்க பாட்டி சேலையில இதே நெறம்” என்றார். நம் ஊரில் துவைத்துத் துவைத்துக் கரித்துணியாகிப் போனது, அங்கே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த வாசகர் சிலைகளைப் பற்றி எழுதிய ஒரு வரியோடு மட்டும் நான் ஒத்துப்போகிறேன். சாமியைக் கண்ணாடிக்குள் பார்க்க மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டிலும் அது ஒரு கதை.

2009 வாக்கில் நானும் மனைவியும் போனபோது அங்கே உமா பரமேஸ்வரி செப்புத்திருமேனி ஒன்று இருந்தது. சோழர் காலம். இடுப்பை ஒருபக்கம் லேசாக ஒடித்து நிற்கும் அழகு. மனைவி அதன் முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஒரே சங்கடம். காவலுக்கு நின்ற மலாய்ப் பெண்மணி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளிப்போய் வேறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்தப் பண்பை நான் மறக்கவே இல்லை.

2015-இல் செய்தி வந்தது. அந்தச் சிலையை அரும்பொருளகம் 2007-இல் நியூயார்க்கில் ஒரு கலைப்பொருள் வியாபாரியிடம் 6,50,000 அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறது. அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடிக் கொண்டுபோனது என்று தெரியவந்ததும் இந்தியாவுக்கே திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார்கள். அதே கோயிலின் நடராஜர் ஆஸ்திரேலியாவின் கான்பெராவரை போய், அதற்கு முந்திய வருடம்தான் திரும்பியிருந்தார்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கம். பேப்பரை நான் வாசித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ நான் கும்பிட்டது திருட்டுச் சாமியையாங்க?” என்றார். நான் என்ன பதில் சொல்வது! அடுப்பங்கரைக்குப் போனவர் திரும்பி வந்து அவரே சொன்னார்: “சாமி எங்க திருடுச்சு? திருடினவன் வேற. அது பாவம், பக்கத்து ஊர்க்காரி இங்க வருவாள்னு தெரிஞ்சுதான் நின்னுக்கிட்டு இருந்திருக்கு.” அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை.

திருப்பிக் கொடுத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். இப்போது அந்த அறைகளில் நடக்கும்போது என் மனைவி ஒவ்வொரு சிலைக்கும் கீழே உள்ள அட்டையில் எந்த ஊர் என்று என்னைப் படிக்கச் சொல்கிறார். தென்னிந்தியா என்று பொதுவாகப் போட்டிருந்தால் அவருக்குப் போதாது. எந்த ஊர், எந்தக் கோயில், எப்போது கிளம்பியது என்று கேட்பார். இந்தக் கேள்வியை நம் பிள்ளைகளும் கேட்கப் பழகட்டும். “நமக்கு என்ன இருக்கிறது” என்பதைவிட நல்ல கேள்வி.

ஆசிரியர் அவர்களே, இவ்வளவு நீளமாக எழுதியதற்கு ஒரு வேண்டுகோள்தான் காரணம். உங்கள் ஞாயிறு இதழில் கால் பக்கம் ஒதுக்க முடியுமா? வாரம் ஒரு பொருள், அதன் படம், அதைக் கையால் தொட்டுப் பழகிய முதியவர் ஒருவர் சொல்லும் பத்து வரி. பொருள் எங்கே, எப்போது செய்தது என்று அட்டை சொல்லிவிடும். அதை எப்படிப் பிடிப்பார்கள், எங்கே தேயும், எந்தச் சத்தம் போடும் என்பதை நம் தாத்தா பாட்டிகள்தான் சொல்ல வேண்டும். என்னோடு பட்டறையில் கயிறு முடைந்தவர்களில் ஆறு பேர் எஞ்சியிருந்தோம். போன வருடம் ஒருவர் போய்விட்டார். மிச்சமுள்ள ஐந்து பேரில் ஒருவருக்கு நினைவு தடுமாறுகிறது. ஆனால் கையில் கயிற்றைக் கொடுத்தால் மட்டும் முடிச்சைத் தவறாமல் போட்டுவிடுகிறார்.

பிள்ளைகளை மட்டும் கூட்டிப்போய்விட்டு ஒன்றும் புரியவில்லை என்று திரும்பாமல், வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் கூட்டிப்போகும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சக்கர நாற்காலி உள்ளே தாராளமாகப் போகும். நடக்க முடியாது என்று அவர்கள் சொல்வார்கள். எம்பிரஸ் பிளேஸ் என்று சொல்லிப்பாருங்கள், குடியுரிமைக்கு வரிசையில் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டே கிளம்பிவிடுவார்கள்.

அந்த வாசகருக்கு ஒரு செய்தி. நான் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கப்பல் அறையில், பெரிய ஜாடிகளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். அடுத்த விடுமுறையில் மகனை அழைத்து வாருங்கள். நாடா வைத்த காலணியைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரிக்கர்,
ஈசூன், சிங்கப்பூர்